ஒட்டுக்கணக்கு

மரம் உள்ள கட்டங்களை மட்டும் தொடு என்றது திரை.
தொட்டேன்.
தவறு, மறுபடி என்றது.
சந்தூர் நர்சரியில் ஒன்பது வருடமாக
மாஞ்செடிக்கு ஒட்டுக் கட்டுகிறவள் நான்.
மறுபடி தொட்டேன்.
மனுஷிதான் என்று ஒப்புக்கொண்டு
டெஸ்ட்நெட் குழாய் அரைத்துளி சொட்டியது.

காசு என்றால் காசில்லை.
இன்னும் திறக்காத ஊரின் சில்லறை.
அதை ஸ்வாப் செய்து,
பாலம் தாண்டி வேறொரு செயினில் இறக்கி,
திரும்ப ஏற்றி,
வந்து போன தடம் விட வேண்டும்.
ஊர் திறக்கும் நாளில்
தடம் உள்ளவர்களுக்கு டோக்கன் கொடுக்கலாம்.
கொடுக்கலாம்.
கொடுப்போம் என்று எவனும் சொல்லவில்லை.

எனக்கு நாற்பத்தொரு வாலட்.
பன்னிரண்டு பன்னிரண்டு வார்த்தையாக
உரக்கடை கொடுத்த டைரியில் எழுதி
அரிசி டிரம்முக்குள் வைத்திருக்கிறேன்.
முதலாவதன் பெயர் செந்தூரா. அடுத்தது பெங்களூரா,
நீலம், பீத்தர், மல்கோவா, இமாம்பசந்த்.
மாம்பழம் தீர்ந்தபின்
பர்கூர் போகும் பஸ்களின் பெயர்.

ஞாயிறு காலை அமெரிக்கா தூங்கும்,
கேஸ் ஃபீஸ் இறங்கும்.
அடுப்பில் ஒரு கேஸ், போனில் ஒரு கேஸ்.
குழம்பு கொதிக்கும் முன் பதினெட்டு வாலட்,
இறக்குவதற்குள் மீதி.
"நாப்பத்தொரு பேருல ஒருத்தியே போடுறியே,
இது ஒட்டா, கள்ள ஓட்டா?"
என்று சென்றாயன் கேட்டான்.
கட்டின புருஷன். சிரித்துவிட்டு விட்டேன்.

அம்சவேணிக்கு ஒரே ஒரு வாலட்.
நான் நச்சரித்ததால் திறந்தாள்.
மண் அப்பிய விரலால்
ஐந்துக்குப் பதில் ஐம்பதை மாற்றிவிட்டு
ஐயோ என்பாள்.
இரண்டு மாதம் மறந்தே போவாள்.
சாமல்பட்டியில் ரயில்வே கேட் மூடியிருந்த ஒரு நாள்
பொழுது போகாமல் பாலம் தாண்டினாள்.

ஸ்னாப்ஷாட் எடுத்த நாள் யாருக்கும் தெரியாது.
பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது
எவனோ எடுத்துவிட்டுப் போன போட்டோ,
வாயில் பாதி வடையோடு.

ஆவணியில் முடிவு வந்தது.
செந்தூரா, தகுதி இல்லை.
பெங்களூரா, தகுதி இல்லை.
பஸ்கள் வரைக்கும் போய்ப் பார்த்தேன்.
காரணம் நாலு வரி:
எல்லாவற்றுக்கும் முதல் பணம் ஒரே வாலட்டிலிருந்து.
ஒரே வரிசை, ஒரே தொகை, ஒரே ஞாயிறு.
ஆகவே
நாற்பத்தொரு பேரும் ஒரே ஆள்.

கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன்.
ஜூஸ் ஃபேக்டரி கொட்டிய கொட்டைகள்,
வேர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாதி.
மேலே நான் கட்டிய தண்டு மட்டும்
ஒரே தாய்மரம்.

அம்சவேணிக்குக் கொடுத்தார்கள்.
விற்றபோது பத்தொன்பதாயிரத்துச் சொச்சம்.
"எதுக்குடி குடுத்தாங்க?"
தப்புத் தப்பாகச் செய்ததற்கு என்றேன்.
பாதியை நீட்டினாள். வேண்டாம் என்றேன்.
அப்புறம் இரண்டாயிரம் வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை
பாத்தி ஓரம் ஒட்டுப் போடாத விதைக்கன்று ஒன்று
இடுப்புயரம் நின்றது, கொழுத்த இலையோடு.
மேஸ்திரி பிடுங்கிப் போட்டார்.
என்ன காய்க்குமோ, எப்பக் காய்க்குமோ,
எவன் வாங்குவான்.

நான் பிளேடைத் துடைத்துக்கொண்டேன்.
பெங்களூரா தண்டில் ஆப்பு போல இரண்டு சீவல்.
பிளவில் செருகி, நாடா சுற்றி,
தலையில் ஐஸ் கவர் கவிழ்த்தேன்.
அடுத்தது.
அதற்கடுத்தது.
பக்கெட்டில் போன் புதிதாக ஒரு நெட்வொர்க்கைச் சொல்லி
இரண்டு தரம் அதிர்ந்தது.

சாயங்காலம் எண்ண வந்தார்.
முந்நூற்று நாற்பது.
குனிந்து ஒரு கன்றின் கட்டைத் தொட்டுப் பார்த்தார்.
"எல்லாம் ஒரே தாய்மரம்தான? எதுவும் கலக்கலியே?"
ஒரே மரம்தான் என்றேன்.
சந்தோஷமாகத் தலையாட்டி
ஒன்றேகால் வீதம் நானூற்று இருபத்தைந்து என்று
என் பெயருக்கு நேராக எழுதிக்கொண்டார்.